பொன் பற்களில் சந்தனம்

"பவர் சப்ளையும் புதுசு போட்டாச்சு. இன்னும் ஏன் பெட்டி நிக்குது, பிள்ளை?"

"அதுதான் அண்ணை எனக்கும் விளங்கேல்லை" என்றாள் கஜந்தினி.

பச்சைப் பொய். காலை பத்து மணிக்கே அவளுக்கு எல்லாம் விளங்கிவிட்டது.

எதிரே கதிரை நுனியில் இருந்த சிவதர்ஷன் பருத்தித்துறையில் வீடியோ ஸ்டூடியோ வைத்திருப்பவன். போன வெள்ளிக்கிழமை தன் கம்ப்யூட்டருக்குப் புதிய கிராபிக்ஸ் காட் பூட்டினான். அன்றிலிருந்து, வெட்டிய வீடியோவை ஒன்றாக்கத் தொடங்கினால் ஐந்தாவது நிமிடம் திரை கறுத்துப் பெட்டி செத்துவிடும். நாளைக் காலை மண்டபத்தில் ஓட வேண்டிய சாமத்திய வீட்டுப் பூப்புனித விழா வீடியோ அதற்குள்தான் கிடந்தது. யாழ்ப்பாணத்துக் கடைகள் ஒரு கிழமை தவணை கேட்டன. கடைசியில் பெட்டியைத் தூக்கிக்கொண்டு புத்தூருக்கு, அவளுடைய திருத்தும் கடைக்கு வந்தான்.

வேறு வழி இருந்திருந்தால் அந்தப் படி ஏறியிருக்க மாட்டான். மூன்று வருடங்களுக்கு முன் அவள் அவனிடம்தான் வேலை செய்தாள். நிவேதனா என்ற பெண்ணின் கலியாணத்தை எடுத்த கமெராவின் மெமரி காட்டை, படியெடுக்க முன்னரே அவன் வெறுமையாக்கிவிட்டான். தாலி கட்டிய காட்சிகூட மிஞ்சவில்லை. நிவேதனாவின் ஆட்கள் ஸ்டூடியோ வாசலில் வந்து கத்தியபோது அவளை நோக்கிக் கையை நீட்டினான்: "உவள்தான் அழிச்சவள்." அதன் பிறகு வடமராட்சியில் ஒரு ஸ்டூடியோவும் அவளை உள்ளே விடவில்லை.

அன்றைக்கு 'உவள்.' இன்றைக்குப் 'பிள்ளை.'

காலையில் அந்தக் கிராபிக்ஸ் காட்டைக் கழற்றிப் பார்த்தபோது அவளுக்குச் சிரிப்புத்தான் வந்தது. போர்டுக்குள் செருகும் விளிம்பில் வரிசையாக இருக்கும் பொன்னிறப் பற்களில், மின்தொடர்பை மறித்தபடி, சந்தனம் காய்ந்து கிடந்தது. புதுச் சாமானுக்குப் பூசை செய்து பொட்டு வைத்திருக்கிறான். பொன்னிறம் கண்ட இடத்தை நெற்றி என்று நினைத்துவிட்டான் போலும். பென்சில் எழுத்தை அழிக்கும் அழிறப்பரால் தேய்த்தால் ஒரு நிமிட வேலை.

அவள் தேய்க்கவில்லை. அவன் காணாதபடி, சந்தனத்தோடு அப்படியே திரும்பச் செருகினாள். டிரைவர் மென்பொருளை அழித்துப் புதிதாகப் போட்டாள், பெட்டி நின்றது. அவனை வெயிலில் பஸ் ஏற்றி யாழ்ப்பாணத்துக்கு அனுப்பிப் பவர் சப்ளை வாங்குவித்தாள், அப்போதும் நின்றது. ஒவ்வொரு முறை திரை கறுக்கும்போதும் அதில் தெரிந்த அவன் முகத்தை, விருப்பமான புத்தகத்தின் பக்கத்தைப் போல ஆற அமர வாசித்தாள்.

"நாலு மணியாகுது, பிள்ளை" என்றான் சிவதர்ஷன். குரல் தேய்ந்திருந்தது. "நாளைக்கு அந்தச் சனம் என்னைக் கிழிச்சுத் தோரணம் கட்டும்."

"கட்டட்டும். நான் மூண்டு வருஷமாய்த் தொங்கிறன், செத்தே போனன்?"

அவன் தலையைக் குனிந்துகொண்டான். பிறகு மெல்லக் கேட்டான்: "உனக்கு... பழுது எதெண்டு தெரியுமோ?"

"ஓம். நீங்கள் வந்து பத்து நிமிஷத்திலையே தெரியும்."

"அட பாவி! பிறகேன் என்னை உந்த வெயிலுக்குள்ளை அலைச்சனி?"

அவள் மேசை லாச்சியை இழுத்துத் திறந்து அழிறப்பர் ஒன்றை எடுத்து மேசையில் வைத்தாள். அது எதற்கென்று அவனுக்கு விளங்கவில்லை. பக்கத்தில் கிடந்த அவனுடைய போனை அவன் பக்கம் தள்ளினாள்.

"நிவேதனாவின்ரை நம்பர் உங்களிட்டை இருக்கெல்லே. அவவுக்குக் கோல் எடுங்கோ. ஸ்பீக்கரிலை போடுங்கோ. அண்டைக்கு அந்தக் கலியாண வீடியோவை அழிச்சது ஆரெண்டு என்ரை காது கேக்கச் சொல்லுங்கோ, அண்ணை."