ஆய்வு வாரத்தில் மட்டும் நடந்த வகுப்பு

வளைகுடா நாட்டில், அல் கூஸ் கிடங்குகளை அடுத்திருந்த அந்த இந்தியப் பள்ளியில், இஸ்லாமியக் கல்வி வகுப்பு கல்வித் துறையின் ஆய்வாளர்கள் வரும் வாரத்தில் மட்டுமே நடந்தது. மற்ற வாரங்களில் பன்னிரண்டாம் வகுப்பினரின் அந்த நேரத்தை இயற்பியல் விழுங்கியது. பெற்றோரிடம் சொல்ல அதற்குப் 'பொதுத் தேர்வுத் தயாரிப்பு' என்று கண்ணியமான பெயரொன்றைச் சூட்டியிருந்தார்கள். ஒரு பாடத்தைக் கற்பிக்காமல் விடுவது பிழை. கற்பித்ததாகக் காட்டுவது குற்றம். பெற்றோரும் மகிழ்ந்துதான் இருந்தார்கள் என்பதையும் சொல்லத்தான் வேண்டும்.

விதி ஐயத்துக்கு இடமில்லாதது. முஸ்லிம் மாணவர் அப்பாடத்தில் தேர்ச்சி பெறாவிட்டால், அவருடைய பள்ளியிறுதிச் சான்றிதழை உள்ளூர்க் கல்லூரி ஏற்காது. இயற்பியலில் முதலிடம் பெற்ற ருமைஸாவுக்கு ஷார்ஜாவில் மருந்தியல் படிக்க இடம் கிடைத்திருந்தது. இஸ்லாமியக் கல்விக்கு மதிப்பெண் இல்லை. வியாழக்கிழமைக்குள் துறையின் ஒப்புதல் வராவிடில் அந்த இடமும் இல்லை.

தேரா கடைத்தெருவில் மளிகைக் கடை வைத்திருந்த கீழக்கரைக்காரர் செய்கு அலாவுதீன், கடையை அடைத்துவிட்டு மகளோடு துறை அலுவலகத்துக்கு வந்தார். பள்ளி முதல்வர் வெங்கட்ராமன் கூடத்தில் முன்னதாகவே காத்திருந்தார்.

"வாங்க பாய், டென்ஷன் ஆகாதீங்க. உள்ள ஒரே கேள்விதான். பாப்பா, கிளாஸுக்கு நான்தான் போகலைன்னு சொல்லிடும்மா."

"நான் ஒரு நாள்கூட லீவு போடலையே சார். அட்டெண்டன்ஸ் பிரைஸே நீங்கதானே குடுத்தீங்க?"

"அது வேற, இது வேற. ஸ்கூல் மேல ரிப்போர்ட் போனா என்கொயரி வரும். அது முடியறதுக்குள்ள உன் காலேஜே ஆரம்பிச்சுடும். உன் தப்புன்னா, சின்னதா ஒரு எக்ஸாம் வெச்சு நாளைக்கே விட்டுடுவாங்க. கலாஸ், விஷயம் முடிஞ்சுது."

"நெசமா விட்டுருவாஹளா சார்?" என்றார் தந்தை.

"எத்தனை வருஷமா இந்த ஆபீஸ் வாசல்ல நிக்கறேன் பாய், எனக்குத் தெரியாதா?"

"சார் சொல்றாஹல்லம்மா."

"பொய்தானே வாப்பா?"

"ஒரு வார்த்தை. சொல்லிட்டு வந்துரு."

மதிப்பெண் ஏன் இல்லை என்று உள்ளே பெண் அலுவலர் ஆங்கிலத்தில் கேட்டார். வகுப்புக்குத் தானே போகவில்லை என்று ருமைஸா தரையைப் பார்த்தபடி சொன்னாள். முதல்வர் வருத்தத்தோடு தலையசைத்தார். அலுவலர் அதைக் கணினியில் பதிந்துகொண்டு விதியை விளக்கினார்: பள்ளி கற்பிக்கத் தவறியிருந்தால் துறையே மறுநாள் தனித்தேர்வு நடத்தியிருக்கும், மாணவி வகுப்பைப் புறக்கணித்ததால், ஓராண்டு அப்பாடத்தைப் படித்த பிறகே தேர்வு.

மகள் தமிழில் சொல்லி முடிக்குமுன் தந்தை எழுந்துவிட்டார்.

"மேடம், கிளாஸ் மாஃபி. ஸ்கூல்ல கிளாஸே மாஃபி," என்று, வகுப்பே இல்லை என்பதைத் தனக்குத் தெரிந்த அரபியில் சொன்னார்.

முதல்வர் கைப்பேசியை நீட்டினார். ஆய்வு வாரத்துப் படம். முன்வரிசையில் புத்தகத்தோடு ருமைஸா. அவள் வந்த ஒரே வாரம் அதுதான் என்று ஆங்கிலத்தில் மெதுவாக விளக்கினார். அலுவலர் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். சொன்னதை மாற்றுவதானால் பள்ளிமீது புகார் கொடுக்கலாம். விசாரணைக்குச் சில வாரங்கள் ஆகும் என்றார்.

வெளியே வெயில் கண்ணைக் கூசவைத்தது.

"ரூலை மாத்திட்டாங்க போல பாய். எனக்கே இப்பதான் தெரியும்," என்றார் வெங்கட்ராமன். விதி மாறவேயில்லை. "வாங்க, கார்ல விட்டுடறேன்."

"வேணாம் சார். டாக்சில போயிக்கிறோம்."

இந்நிலையிலும் அவர் வாயில் 'சார்'தான் வந்தது. முதல்வரின் கார் நகர்ந்ததும் ருமைஸா நின்றாள்.

"புகார் குடுப்போம் வாப்பா. சீட்டு போனாலும் போகட்டும்."

செய்கு அலாவுதீன் சாலையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"உன் தம்பி ராஜிக் இன்னும் அந்த ஸ்கூல்லதானம்மா படிக்கிறான்."

ருமைஸா டாக்சிக்குக் கை காட்டினாள். வியாழக்கிழமை அந்த இடம் வேறொருவருக்குப் போயிற்று.