கழுகுப் பாறைக்குப் போகும் வழி

தேசியப் பூங்காவில் சுற்றுலா வேன் ஓட்டியவர் அவள் கணவர். காட்டுக்குள் ஹாரன் அடிக்கக் கூடாது என்ற விதி கையில் ஊறிப்போய், கடைத்தெரு நெரிசலிலும் அடிக்க மாட்டார். சக டிரைவர்களுக்கு அவர் 'ஊமை வண்டி'. நெஞ்சுவலியில் அவர் போனதும், அவர் வேனில் காடு பார்த்தவர்கள் எங்கெங்கிருந்தோ நன்கொடை அனுப்பினார்கள். அவர் ஆசையாக உட்காரும் பாறை விளிம்பில் கைப்பிடி வைத்த பார்வை மேடை, அதில் அவர் பெயர் என்று பேச்சு.

மேடை வரும்வரை அவளுக்குப் பொறுக்கவில்லை. வாரம் தவறாமல் ஏறிப்போய், அவர் இடத்தில் உட்கார்ந்து, வீட்டுக் கதையெல்லாம் அவரிடம் சொல்லிவிட்டு வருவாள். உயிரைப் பிடித்து வைத்திருந்தது அந்த ஒன்றுதான்.

பூங்கா ரேஞ்சர் தன் அலுவலகத்துக்குக் கூப்பிட்டனுப்பினார். கொழுந்தனும் கூட வந்தான்.

"என்ன சார், மேடை ஆமை மேல ஏறி வருதா?" என்று கேட்டாள் அவள்.

ரேஞ்சர் சிரிக்கவில்லை. "பாறைக்கு அடியில கழுகு கூடு கட்டியிருக்கும்மா. ரொம்ப வருஷத்துக்கு அப்புறம். முதல்ல இட்ட முட்டை வீணாப் போச்சு, இப்ப மறுபடி இட்டிருக்கு. ஆள் நடமாட்டம் இருந்தா அடைகாக்காம எழுந்துடும்."

"அந்தப் பக்கம் எந்த ஆளு போறான்?" என்றான் கொழுந்தன்.

ரேஞ்சர் மேசையைப் பார்த்தார். பாறையில் உட்கார்ந்த நாட்கள் அவளுக்கு நினைவு வந்தன. தலைக்கு மேல் ஒரு கழுகு விடாமல் வட்டமிட்டதே. அவர்தான் வந்திருக்கிறார் என்று நினைத்து, அது போகும்வரை போகக் கூடாதென்று உட்கார்ந்திருந்தாளே.

"நான்தான் சார்," என்றாள்.

"மேடைக்கு வந்த பணத்துல வழியை அடைச்சு, காவலுக்கு ஆள் போடலாம். ஆத்துக்கு இந்தப் பக்கம் தொலைநோக்கி வச்சா, வர்றவங்க தூரத்துலேருந்தே பாத்துக்குவாங்க. ஆனா பாறைக்கு இனிமே யாரும் போக முடியாது. கொடுத்தவங்க உங்க இஷ்டம்னு சொல்லிட்டாங்க."

"நல்லாயிருக்கே நியாயம்! அண்ணன் பேர்ல வந்த பணம், அண்ணியை வெளிய நிறுத்தவா?"

"சும்மா இரு தம்பி." அவள் முந்தானையால் முகத்தைத் துடைத்தாள். "அடைச்சிடுங்க சார்."

"நாளைக்கு அடைக்கிறோம். வேணும்னா இன்னைக்கு ஒரு தடவை..."

"இப்ப அது முட்டை மேல உக்காந்திருக்குமா?"

"ஆமாம்மா."

வெளியே வந்தார்கள். பாறைக்கு ஏறும் தடம் அலுவலகத்தை ஒட்டியே போனது. அவள் பஸ் நிற்கும் பக்கம் திரும்பி, அசையாமல் நின்றாள்.

"கையைப் பிடிச்சுக்கோ தம்பி," என்றாள். "விட்டா கால் அங்க போயிடும்."