நூற்றுக்கு நூறு வாங்கிய மாடல்

நிறுவனம் பராமரிக்கும் லிஃப்டுகள் நானூறு. தினமும் அவற்றில் எட்டு பழுதாகி நின்றுபோகும். எவை நிற்கும் என்று முந்தைய நாளே தெரிந்தால் மெக்கானிக்கை முன்கூட்டியே அனுப்பலாம். இதற்காகத் தரவுப் பொறியாளர் மூன்று மாதம் உழைத்து பழுதை முன்கூட்டிக் கணிக்கும் மூன்று கணினி மாடல்களைப் பழக்கியிருந்தாள். ஒப்பிட்டுப் பார்க்க நான்காவதாக ஒன்றையும் பட்டியலில் சேர்த்தாள். எதையுமே யோசிக்காமல், "எந்த லிஃப்டும் நிற்காது" என்று மட்டும் சொல்லும் ஒற்றை வரி அது.

நூறு கணிப்பில் எத்தனை சரி என்ற மதிப்பெண்களை முதலாளி பார்த்தார். எண்பத்தொன்பது, தொண்ணூற்றொன்று, தொண்ணூற்று நான்கு. கடைசியில் தொண்ணூற்றெட்டு.

"இதுதாம்மா! இத ஏன் அடியில ஒளிச்சு வெச்சிருக்கே?"

"சார், அது மாடலே இல்ல. நானூறுல எட்டுதானே நிக்குது? ஒண்ணுமே நிக்காதுன்னு கண்ண மூடிட்டுச் சொன்னாலும் தொண்ணூத்தெட்டு வந்துரும்."

"என் பையன் கண்ணத் திறந்துக்கிட்டு எழுதியே அறுபதுதான் வாங்குறான். நீ சும்மா இரு."

எந்த லிஃப்டும் நிற்காது என்றானபின் நான்கு மெக்கானிக்குகள் எதற்கு? சம்பளம் குறைந்தவரை வைத்துக்கொண்டு மற்ற மூவரையும் மாதக் கடைசியோடு நிற்கச் சொன்னார்.

தலைமை மெக்கானிக் கிரீஸ் கையோடு மாடியேறி வந்தார்.

"என்னம்மா, ஏசி ரூம்ல உக்காந்து எங்க தலையில கல்லத் தூக்கிப் போட்டுட்டியே?"

"நாளைக்கே சரி பண்றேண்ணே."

மறுநாள் பட்டியலில் புதிய கேள்வி ஒன்று இருந்தது: நின்ற எட்டில் எத்தனையை மாடல் முன்கூட்டியே பிடித்தது? தொண்ணூற்று நான்கு வாங்கியது ஆறைப் பிடித்திருந்தது. முதலாளியின் செல்லப்பிள்ளை, பூஜ்யம்.

முதலாளியின் முகம் தொங்கிப்போனது. "அப்போ மெக்கானிக் வேணும்கிறே."

"நாலு பேரும் வேணும் சார்."

கதவருகே நின்ற தலைமை மெக்கானிக்குக்கு உயிர் வந்தது.

"சரி. ஆனா ஆறுதானே புடிக்குது? அந்த ஒத்த வரிய, எல்லா லிஃப்டும் நின்னுடும்னு மாத்தேன். எட்டும் மாட்டுமா, மாட்டாதா?"

"மாட்டும் சார். ஆனா..."

"நூத்துக்கு நூறு!"

இப்போது காலை எட்டு மணிக்கு ஒவ்வொரு மெக்கானிக்குக்கும் நூறு முகவரிகள் வந்துவிடுகின்றன. யாருக்கும் வேலை போகவில்லை. முதல் நாள் மதியம் பதினோராவது கட்டடத்தின் வாசலிலிருந்து தலைமை மெக்கானிக் அவளைத் தொலைபேசியில் அழைத்தார்.

"ஏம்மா, போன வேலை போனதாவே இருந்திருக்கக் கூடாதா?"