சிரிக்க வேண்டிய இடம்

நாற்பது பிள்ளைகள் இருக்கிற வகுப்பில் கடைசி வாங்குக்கும் கேட்கக் கதைத்துப் பழகிய புஷ்பவதிக்கு, ஒரு மைக்குக்கு முன்னால் இருந்து மெதுவாகக் கதைக்க வரவே இல்லை.

"இதென்னப்பா, சாவிக்கொத்து ஒண்டு கண்டெடுத்திருக்கு எண்டு கோயில்ல அறிவித்தல் சொல்லுற மாதிரிக் கிடக்கு," என்று அவளுடைய கணவன் குகதாசன் ஹெட்போனைக் கழற்றிவிட்டுச் சிரித்தான்.

"அப்ப நீங்களே கதையுங்கோவன்."

"நான் கதைச்சா இலாப நட்டக் கணக்கெல்லோ வரும்?"

திருகோணமலை உவர்மலையில் அவர்கள் வாடகைக்கு இருந்த வீட்டின் படுக்கையறை அது. எதிரொலி வராமல் இருக்க அலுமாரிக் கதவைத் திறந்து, தொங்கும் சேலைகளுக்கு முன்னால் மைக்கை நிறுத்தியிருந்தார்கள். சீனன்குடா விமானப்படைத் தளத்துப் பக்கமிருந்து ஹெலிகொப்டர் எழும்பினால் பதிவை நிறுத்தி, அது கடலுக்கு மேலே போகும்வரை பேசாமல் இருப்பார்கள். அந்த நேரத்தில் அவன் அவளுடைய கையைப் பிடித்து வைத்துக்கொள்வான்.

அது 2007ஆம் ஆண்டு. இருவரும் ஒரே பள்ளிக்கூடத்தில் படிப்பித்தார்கள். அவள் உயர்தர வகுப்புக்கு இரசாயனம், அவன் கணக்கியல். இணையத்தில் பாடம் அமைக்கவும் நடத்தவும் ஆசிரியர்களைப் பழக்குகிறோம் என்று கொழும்பு நிறுவனம் ஒன்று திருகோணமலையில் வகுப்பு வைத்தது. பள்ளிக்கூடத்துக்கு ஓர் இடம். முதலில் விண்ணப்பம் கேட்டவள் அவள்தான். மூதூர், ஈச்சிலம்பற்றுப் பக்கம் சண்டைக்குப் பிறகு ஊர் திரும்பிய பிள்ளைகளுக்கு இரசாயனம் சொல்லிக் கொடுக்க ஆளில்லை. மூதூரில் ஒரு தொண்டு நிறுவனம் கணினி நிலையம் திறந்திருக்கிறது, அங்கே தன் பாடம் போய்ச் சேர்ந்தால் போதும் என்று அவள் நினைத்தாள். ஆனால் வகுப்பு முடிய இருட்டிவிடும், வரும் வழியெல்லாம் சோதனைச் சாவடி.

"நான் போறன்," என்றான் குகதாசன். "படிச்சு வந்து உமக்குச் சொல்லுறன். கொம்பியூட்டர் வேலை எனக்கு, பாடம் உமக்கு. முதல் பக்கத்தில ரெண்டுபேற்ற பேரையும் போடுவம்."

அப்படித்தான் நடந்தது. அவன் வகுப்பில் கேட்டதை வந்து சொல்லுவான். ஒரு பாடத்துக்கு ஒரு விஷயம்தான். தொடங்கும்போதே, இதைக் கேட்டு முடித்தால் பிள்ளைக்கு என்ன செய்ய வரும் என்று சொல்லிவிட வேண்டும். பிள்ளை கொட்டாவி விடுமுன் முடிக்க வேண்டும். நேரே வகுப்பில் ஒரு முகம் சுருங்கினால் அதைப் பார்த்து இன்னொருமுறை சொல்லலாம். இங்கே முகம் இல்லை, ஆகவே எந்த இடத்தில் முகம் சுருங்கும் என்று முன்கூட்டியே யோசித்து எழுத வேண்டும். புஷ்பவதிக்கு இது பிடித்துப்போயிற்று. பத்து வருடமாகப் படிப்பித்ததை எல்லாம் பிரித்துப் போட்டுத் திரும்பக் கட்டினாள்.

குரல்தான் சரிவரவில்லை. "ஒரே ஒரு பிள்ளையோட கதைக்கிற மாதிரிக் கதைக்கட்டாம்," என்று ஒருநாள் அவன் வந்து சொன்னான். கதிரையை இழுத்து அவளுக்கு முன்னால் போட்டு உட்கார்ந்தான். "நான்தான் அந்தப் பிள்ளை. கணக்கியல் வாத்திக்கு இரசாயனம் விளங்கினா உலகத்துக்கே விளங்கும். சொல்லும்."

அன்று தாக்கவீதம், அதாவது ஓர் இரசாயனத் தாக்கம் நடக்கும் வேகம், பற்றிய பாடம். அவள் அவனைப் பார்த்தாள். எழுதி வைத்ததை மூடிவிட்டு, வாய்க்கு வந்ததைச் சொன்னாள்.

"நீங்கள் பேப்பர் பார்த்துக்கொண்டு தேத்தண்ணியை ஆறவிடுவியள். பிறகு சீனியைப் போட்டுட்டு, கரையுதில்லை எண்டு என்னோட கோவிப்பியள். சீனியில பிழையில்லை. சூட்டில இருந்த அவசரம் ஆறினதில இல்லை, அவ்வளவுதான்." சொல்லிவிட்டு அவளுக்கே சிரிப்பு வந்தது. அவன் பதிவை நிறுத்தவில்லை. "இதுதான், புஷ்பா," என்றான். "அந்தச் சிரிப்பும் இருக்கட்டும்."

அதற்குப் பிறகு எல்லாப் பாடமும் அவனுக்குத்தான் சொன்னாள். கலியாணமாகி ஆறு வருடத்தில் வீட்டில் வைத்துச் சொல்லக் கூச்சப்பட்ட எத்தனையோ, இரசாயனத்துக்குள் புகுந்து வந்தது.

பாடங்கள் முடிந்ததும் அவற்றைச் சரிபார்க்க என்று நிறுவனம் அவனைக் கொழும்புக்கு அழைத்தது. பிறகு அங்கேயே ஒரு வேலை தருவதாகச் சொன்னார்கள். வேலை நிரந்தரமானதும் அவளும் இடமாற்றம் எடுத்துக்கொண்டு போவதாகக் கதை.

ஒரு செவ்வாய்க்கிழமை ஸுல்பிகா ஆசிரியர் அறைக்கு ஓடி வந்தாள். பள்ளிக்கூடத்துக் கணினி அறைக்குப் பொறுப்பான ஆசிரியை அவள். கிண்ணியாவிலிருந்து தினமும் மிதவைப் படகில் நீரைக் கடந்து வருகிறவள்.

"டீச்சர், உங்கட பாடம் வந்திட்டு! வாங்க, கெதியா வாங்க. லைன் அறுந்து போகுமுன்ன பார்த்திரணும்."

முதல் பக்கம் மெல்ல மெல்லத் திறந்தது. மேலே குகதாசனின் படம், கழுத்துப்பட்டி கட்டி. கீழே: பாடநெறி ஆக்கமும் கற்பித்தலும், ஆ. குகதாசன்.

"உங்கட பேர் அடுத்த பக்கத்தில இருக்கும்," என்றாள் ஸுல்பிகா.

அடுத்த பக்கத்திலும் இல்லை. புஷ்பவதி தாக்கவீதப் பாடத்தைத் திறந்தாள்.

ஒரு பெண் கதைத்தாள். வானொலியில் செய்தி வாசிப்பவள்போல வழவழப்பான குரல். "நீங்கள் பத்திரிகை வாசித்துக்கொண்டே தேநீரை ஆறவிடுவீர்கள். பிறகு சீனியைப் போட்டுவிட்டு, கரையவில்லை என்று என்னோடு கோபிப்பீர்கள்…" ஒரு சொல் தவறவில்லை. எழுத்துத் தமிழுக்கு மாற்றியதைத் தவிர எல்லாம் அவளுடையது. அவ்வளவுதான் என்ற இடம் வந்தது. புஷ்பவதி சிரித்த இடத்தில் அந்தப் பெண்ணும் சிரித்தாள். அதே அளவு, அதே மாதிரி.

ஸுல்பிகா சத்தத்தைக் குறைத்தாள். "யார் டீச்சர் இது?"

"தெரியாது," என்றாள் புஷ்பவதி. அவளுடைய முகம் சுட்டது. யாரோ தன் படுக்கையறைக்குள் வந்து, தன் சேலையை உடுத்திக்கொண்டு, தன் கணவனுக்கு முன்னால் உட்கார்ந்திருப்பது போல இருந்தது.

அன்று மாலை அவள் அவனைக் கைத்தொலைபேசியில் அழைத்து, பாடத்தைப் பார்த்ததாகச் சொன்னாள்.

"நான் சொல்லத்தான் இருந்தனான்."

"எப்ப?"

"இஞ்சை பாரும், உம்மட பதிவில சத்தம். ஹெலி, காகம், பக்கத்து வீட்டுத் தண்ணிப் பம்ப். பிறகு நிறுவனத்து ஆக்கள் சொல்லிச்சினம், எங்கட ஊர்க் கதை எல்லா இடத்துப் பிள்ளையளுக்கும் விளங்காதாம்."

"சரி. பேர்?"

"ஒரு ஆளின்ர பேர்தான் போடலாமாம். படிச்சுச் சான்றிதழ் எடுத்தது நானெல்லோ? உம்மட பேரைப் போட்டா, அப்ப நீர் என்ன செய்தனீர் எண்டு என்னைக் கேப்பினம். வேலை இன்னும் நிரந்தரமாகேல்லை, புஷ்பா. இது எங்கட ரெண்டுபேருக்கும்தானே? நான் வேற, நீர் வேறயோ?"

அந்தக் கடைசிக் கேள்விக்கு ஆறு வருடமாக ஒரு பதில்தான் இருந்தது. அழுதாள், தொலைபேசியை வைத்தாள், மறுநாள் முகம் கழுவிக்கொண்டு பள்ளிக்கூடம் போனாள். பிள்ளைகளுக்குப் பாடம் கிடைக்கிறதுதானே என்று தன்னைத் தானே சமாதானப்படுத்திக்கொண்டாள். ஸுல்பிகா தன்னுடைய கணக்கைத் திறந்து காட்டும்போதெல்லாம், பாடங்களுக்குக் கீழே பிள்ளைகள் கேள்வி கேட்கிற பக்கத்தை மட்டும் பார்ப்பாள்.

அங்கே மூதூரிலிருந்து அசனா என்றொரு மாணவி கேட்டிருந்தாள்: வெப்பத்தை வெளிவிடுகிற தாக்கத்தைச் சூடாக்கினால் அது வேகமாக நடக்குமா, மெதுவாக நடக்குமா?

சில நாட்களுக்குப் பிறகு பாட ஆசிரியர் குகதாசனின் பதில் வந்தது. ஏற்கெனவே வெப்பம் வெளிவருவதால், மேலும் சூடாக்கினால் தாக்கம் மெதுவாகும் என்று எழுதியிருந்தான். அதற்குக் கீழே பிள்ளைகள் வரிசையாக நன்றி சொல்லியிருந்தார்கள்.

புஷ்பவதி அதை இரண்டு தரம் வாசித்தாள். பிழை. சூடாக்கினால் எந்தத் தாக்கமும் வேகமாகத்தான் நடக்கும். சமநிலைப் பாடத்தில் அவள் சொன்ன வேறொன்றைக் கொண்டுவந்து இதில் ஒட்டியிருக்கிறான். பிள்ளைகளுக்கு உயர்தரச் சோதனை அடுத்த மாதம்.

அவள் அவனுக்குத் தொலைபேசி எடுத்தாள். அவன் எடுக்கவில்லை. திரும்பவும் எடுத்தாள். பிறகு ஸுல்பிகாவிடம், "என்னையும் அதில ஒரு மாணவியாப் பதிஞ்சு விடும்," என்றாள்.

"உங்கட பாடத்தில நீங்க மாணவியா? நல்ல கூத்துத்தான்," என்று சொல்லிக்கொண்டே ஸுல்பிகா பதிந்தாள். புஷ்பவதி என்ற பெயர் அந்தப் பாடநெறியில் முதன்முதலாக ஏறியது அப்படித்தான்.

அவள் சரியான பதிலை எழுதினாள். யாரையும் குறை சொல்லவில்லை. மறுநாள் கேள்விகள் குவிந்து கிடந்தன. இதையும் சொல்லுங்கள், அதையும் சொல்லுங்கள். அசனா கேட்டிருந்தாள்: சேர் சொன்னதற்கு மாறாகச் சொல்கிறீர்களே, நீங்கள் யார்?

புஷ்பவதி தட்டினாள்: இந்தப் பாடங்களை எழுதியது நான்தான்.

அடுத்த நாள் அவளுடைய பெயரைப் போட்டால் உள்ளே விடவில்லை. ஸுல்பிகா தன் கணக்கில் போய்ப் பார்த்தாள். புஷ்பவதி எழுதிய எல்லாம் அழிந்திருந்தது. அந்த இடத்தில் ஓர் அறிவித்தல் நின்றது. ஸுல்பிகா அதை வாசித்துச் சொல்ல விரும்பாமல் திரையைப் புஷ்பவதியின் பக்கம் திருப்பிவைத்தாள்.

"இப்பாடநெறிக்குப் பொய்யான உரிமை கோரிய ஒருவர் நீக்கப்பட்டுள்ளார். அவர் அளித்த விடைகளைப் பொருட்படுத்த வேண்டாம். ஆ. குகதாசன்."

"விடையைக்கூடவா?" என்றாள் புஷ்பவதி. "விடை சரியெல்லோ, ஸுல்பிகா?"

வெள்ளிக்கிழமை குகதாசன் வந்தான். வேலை நிரந்தரமாகப் போகிறது, கொழும்பு வெள்ளவத்தையில் வாடகைக்கு அனெக்ஸ் வீடு பார்த்தாயிற்று, ஞாயிறு பஸ்ஸுக்கு இரண்டு இடம் பிடித்தாயிற்று என்று படியேறும்போதே சொன்னான். அவள் கதவடியில் நின்ற விதத்தைப் பார்த்துப் பெட்டியைக் கீழே வைத்தான்.

"மேலிடத்தில இருந்து கேட்டிட்டினம், புஷ்பா. ஆர் இந்தப் புஷ்பவதி எண்டு. நான் என்ன சொல்லுறது?"

"மனிசி எண்டு சொல்லியிருக்கலாம்."

"சொன்னா வேலை போயிடும்."

"அதால பொய்க்காரி எண்டு எழுதினியள்."

"பேர் சொல்லி எழுதேல்லையே. ஒருவர் எண்டுதானே எழுதினனான்."

அவள் கதிரையில் உட்கார்ந்தாள். "ஒண்டு கேக்கிறன். அந்தக் குரல் குடுத்த பிள்ளை என்ர பாடத்தை வாசிக்கேக்க நீங்கள் பக்கத்தில இருந்தனீங்களோ?"

"ரெக்கோடிங்குக்கு நான் நிக்கத்தானே வேணும்."

"எந்த இடத்தில சிரிக்கவேணும் எண்டு அவவுக்கு ஆர் சொல்லிக் குடுத்தது?"

குகதாசன் யன்னலுக்கு வெளியே துறைமுகத்தைப் பார்த்தான். பிறகு மெதுவாக, "உம்மட பதிவைப் போட்டுக் காட்டினனான்," என்றான். "அந்த இடம் நல்லா இருந்தது, விட மனமில்லை."

அவனுக்கு அது பாராட்டாகவே பட்டிருக்க வேண்டும். புஷ்பவதி அவனுடைய முகத்தில் வேறெதையோ தேடினாள், கிடைக்கவில்லை.

"சரி," என்றாள். "எனக்குப் பேர் வேண்டாம். குரலும் வேண்டாம், அந்தப் பிள்ளையின்ர குரலே இருக்கட்டும். அந்த அறிவித்தலை மட்டும் எடுத்துப்போட்டு, அசனாவுக்கு நான் எழுதின விடைதான் சரி எண்டு போடுங்கோ. அதைச் செய்தா ஞாயிற்றுக்கிழமை உங்களோட வாறன்."

அவன் நிறைய நேரம் யோசித்தான். அவன் யோசித்த அந்த நேரத்துக்குள் அவள் எத்தனையோ தரம் அவனை மன்னித்தாள்.

"அதெப்பிடி," என்றான் கடைசியில். "அப்பிடிப் போட்டா நான் பிழை விட்டதெண்டெல்லோ வரும்? சோதனை முடியட்டும், மெல்ல மாத்திவிடுவம். இப்ப ஏலாது. நீர் உடுப்பை அடுக்கும். அடுத்த பாடநெறிக்கும் கேட்டிருக்கினம், சேதன இரசாயனம். நீர் எழுதினா…"

"நான் வரேல்லை."

"என்ன?"

"கொழும்புக்கு நான் வரேல்லை. எழுதவும் மாட்டன். ரெண்டு இடமும் உங்களுக்குத்தான், காலை நீட்டிக்கொண்டு போங்கோ."

அவன் சனிக்கிழமை முழுக்கக் கதைத்தான். கோபித்தான், கெஞ்சினான், அவளுடைய அண்ணனுக்குத் தொலைபேசி எடுத்து நியாயம் கேட்டான். ஞாயிறு அவன் தனியாகப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு இறங்கியபோது அவள் குசினியில் நின்றாள். வெளியே வரவில்லை. கேற் சாத்துகிற சத்தம் கேட்ட பிறகுதான் அடுப்பை நிறுத்தினாள்.

அடுத்த கிழமை கடற்படையின் சோதனை வரிசையில் நின்று, லோஞ்ச் படகில் மூதூருக்குப் போனாள். ஸுல்பிகாவின் உறவுக்காரி ஒருத்தி கூட்டிக்கொண்டு போய்க் கணினி நிலையத்தைக் காட்டினாள். அங்கே இருந்த பிள்ளைகளில் மெலிந்த, கண்ணாடி போட்ட ஒருத்திதான் அசனா.

"நான்தான் உம்மட கேள்விக்குப் பதில் போட்ட புஷ்பவதி டீச்சர்," என்றாள்.

பிள்ளை எழும்பி நின்றாள். "உங்கட விடையப் பார்க்க வேணாமெண்டு சேர் போட்டிருந்தார்."

"சேர் சொன்னது பிழை, பிள்ளை. இரும், ஏனெண்டு காட்டுறன்."

புஷ்பவதி கதிரையை இழுத்துப் போட்டு, வரைபடம் கீறி, துணிக்கைகள் மோதுவதிலிருந்து தொடங்கிச் சொன்னாள். சிரிப்புக் காட்டும் உதாரணம் எதுவும் சொல்லவில்லை. அசனாவின் முகம் ஓரிடத்தில் சுருங்கியது. அந்த இடத்தை இன்னொருமுறை சொன்னாள். பிள்ளை தலையாட்டினாள். கொப்பியில் இருந்த பழைய விடையின் மேல் குறுக்கே கோடு போட்டுவிட்டு நிமிர்ந்தாள்.

"குகதாசன் சேர உங்களுக்குத் தெரியுமா, டீச்சர்?"

புஷ்பவதி பேனையை மூடினாள்.

"தெரியும் எண்டுதான் நினைச்சுக்கொண்டிருந்தனான்," என்றாள்.