வலைக்கு அந்தப் பக்கத்துக் குரல்

ஒரே வீட்டில் இருக்கும் அக்காவும் தங்கையும் எதிரெதிர் ஜோடிகளில் ஆடப்போகும் நாளில் குளியலறைக் கதவு என்ன பாடு படும் என்று சொல்லத் தேவையில்லை. பெரியவள் உள்ளே போனவள் போனவள்தான். சின்னவள் தட்டித் தட்டிக் கை ஓய்ந்து, கடைசியில் பாத்திரம் கழுவும் தொட்டியிலேயே முகத்தைக் கழுவிக்கொண்டாள். மேட்ச் இங்கேயே ஆரம்பித்துவிட்டதா என்று அம்மா கேட்டாள்.

பல் விழுந்து முளைக்கிற வயதிலிருந்து இருவரும் ஒரே ஜோடி. இரட்டையர் இறகுப்பந்தில் நடுவில் வரும் ஷட்டில்தான் வில்லங்கம். நீ எடுப்பாய் என்று அவளும், அவள் எடுப்பாள் என்று இவளும் பார்த்துக்கொண்டே நிற்க, அது இருவருக்கும் நடுவில் சாவகாசமாக விழுந்து உட்கார்ந்துகொள்ளும். அதற்காகத்தான் குரல் கொடுப்பது. 'நான்' என்றால் நான் அடிக்கிறேன், நீ விலகு. 'விடு' என்றால் அது கோட்டைத் தாண்டிப் போகிறது, தொடாதே. குரல் கொடுப்பது பெரியவளின் வேலை, கேட்டு நடப்பது சின்னவளின் வேலை. இத்தனை வருஷத்தில் அக்காவின் குரல் சின்னவளின் மூளைப் பக்கம் எட்டிக்கூடப் பார்க்காமல் காதிலிருந்து நேராகக் காலுக்கு இறங்கப் பழகிவிட்டது. பயிற்சிக்கூடத்தில் எல்லோரும் அவளை 'வால்' என்று கூப்பிட்டது சும்மா இல்லை.

அந்த ஜோடியைத்தான் போன பருவத்தில் பயிற்சியாளர் பிரித்தார். பெரியவளின் ஸ்மாஷுக்குப் பக்கத்தில் இன்னொரு அதிரடிக்காரி நின்றால் எதிரில் நிற்பவர்கள் கதி கலங்கிப்போவார்கள் என்பது அவர் கணக்கு. கணக்கு சரியாகவே வந்தது. பெரியவளும் அந்த அதிரடிக்காரியும் தேர்வு ஆட்டங்களை வரிசையாக ஜெயித்து, வெளிநாடு போகும் இளையோர் அணியில் இடத்தையும் பிடித்துவிட்டார்கள்.

சின்னவளுக்கு வாய்த்தவள் நெட்டை. கையைத் தூக்கினால் கூரை விளக்கைத் துடைத்துவிட்டு வருவாள் போல அப்படி ஓர் உயரம். ஆனால் வாயைத் திறந்தால் முத்து உதிர்ந்துவிடும் என்று நினைப்பவள். 'நான்' என்றும் சொல்ல மாட்டாள், 'விடு' என்றும் சொல்ல மாட்டாள். எப்படியோ தட்டுத்தடுமாறி இருவரும் கடைசி ஆட்டம் வரை வந்திருந்தார்கள். அணியில் இன்னும் ஒரே ஒரு ஜோடிக்குத்தான் இடம். இந்த ஆட்டத்தை ஜெயித்தால் அது இவர்களுக்கு. தோற்றால் சின்னவள் வீட்டில் உட்கார்ந்து, அக்கா அனுப்பும் படங்களைப் பார்த்துப் பெருமூச்சு விட வேண்டியதுதான். எதிரில் ஆடப்போவது யார் என்று பார்த்தால், அதே அக்கா.

அதைவிடப் பெரிய முள் ஒன்று அவளுக்குள் தைத்துக்கொண்டிருந்தது. போன வாரம் தேர்வாளர் ஒருவர் இன்னொருவரிடம் சொன்னது அவள் காதில் விழுந்திருந்தது.

"பெரியவ ஆடுறா. சின்னவ கூட ஓடுறா. அவ்வளவுதான்."

ஆட்டத்தன்று காலை மட்டையின் கைப்பிடிக்குப் புதுப் பட்டை சுற்ற உட்கார்ந்தபோதுதான், இதுவரை ஒருநாளும் தானே அதைச் சுற்றியதில்லை என்று சின்னவளுக்கு உறைத்தது. அதுவும் அக்காவின் வேலையாகத்தான் இருந்திருக்கிறது. இன்று கேட்கத் தன்மானம் இடம் கொடுக்கவில்லை. இவளே சுற்றினாள். அடிபட்ட விரலுக்குப் போட்ட கட்டு மாதிரி, ஓரிடத்தில் புடைத்து ஓரிடத்தில் இளைத்து வந்தது. பெரியவள் அதை ஒரு பார்வை பார்த்தாள். பையை மாட்டிக்கொண்டு கிளம்பிவிட்டாள். ஏதாவது சொல்லியிருந்தால்கூடத் தேவலாம்.

அரங்கத்தில் அம்மா நடுவில் பார்த்து உட்கார்ந்தாள். கண்ணாடிக் கடையில் நாள் முழுக்க ஊரார் கண்களைச் சோதித்து, இந்த எழுத்து தெரிகிறதா, அந்த எழுத்து தெரிகிறதா என்று கேட்பவள், மகள்கள் ஆடுவதை மட்டும் கண்ணை இறுக்க மூடிக்கொண்டுதான் பார்ப்பாள். ஷட்டில் தரையில் விழும் சத்தம் கேட்டால் கை தட்டுவாள். எந்தப் பக்கம் விழுந்தாலும் தட்டுவாள். பின்னால் இருந்தவர்கள் இந்தம்மாவுக்கு ஆட்டமே தெரியாது போலிருக்கிறது என்று பேசிக்கொண்டார்கள்.

முதல் செட் கேவலமாகப் போனது. வலைக்கு அந்தப் பக்கம் பெரியவள் தன் ஜோடியைப் பார்த்து "நான்!" என்று குரல் கொடுப்பாள். இந்தப் பக்கம் சின்னவளின் கால் மரியாதையாக ஓரடி விலகி வழிவிடும். விலகிய அந்த இடத்திலேயே அடுத்த நொடி ஷட்டில் வந்து விழும். ஒரு தடவை இரண்டு தடவை இல்லை, பெரியவள் வாயைத் திறந்தபோதெல்லாம் இதே கூத்து. எதிரணிக்கு இப்படி ஒழுங்காக வழிவிட்டுக் கொடுத்த ஆட்டக்காரியை நடுவர் தன் அனுபவத்தில் பார்த்திருக்க மாட்டார்.

இடைவேளையில் சின்னவள் துண்டில் முகத்தைப் புதைத்துக்கொண்டு உட்கார்ந்தாள். தேர்வாளர் சொன்னது உண்மைதான் என்று தோன்றியது. இப்போது அக்கா கூட இல்லை, எதிரில் இருக்கிறாள், அப்போதும் இவள் அவள் பின்னால்தான் ஓடிக்கொண்டிருக்கிறாள்.

பக்கத்தில் நெட்டை தண்ணீர் பாட்டிலை மூடிவிட்டு, அதிசயமாக வாயைத் திறந்தாள்.

"உங்க அக்கா சொன்னா நீ ஏன் நகர்ற?"

"நானா நகரல. கால் நகருது." துண்டுக்குள்ளிருந்தே சொன்னாள் சின்னவள். "நீ ஒரு வார்த்தையும் சொல்ல மாட்டேங்கற. என் காது, யாராவது ஏதாவது சொல்ல மாட்டாங்களான்னு தேடிட்டே இருக்கு."

நெட்டை பாட்டிலைக் கீழே வைத்தாள்.

"எனக்குக் கத்த வராது. நீ கத்து. நான் கேக்கறேன்."

இத்தனை நாள் யாருமே அவளிடம் இதைச் சொன்னதில்லை. நீ சொல், நான் கேட்கிறேன். சின்னவள் துண்டை எடுத்துவிட்டு நெட்டையை ஏற இறங்கப் பார்த்தாள்.

இரண்டாவது செட்டில் முதல் ஷட்டில் நடுவில் வந்ததும் "நான்!" என்றாள். குரல் கீச்சென்று உடைந்து, பக்கத்துக் களத்தில் ஆடியவர்கள்கூடத் திரும்பிப் பார்த்தார்கள். ஆனால் நெட்டை விலகினாள். அவ்வளவு பெரிய உருவம் தன் ஒரு சொல்லுக்கு விலகியதைப் பார்த்துச் சின்னவளுக்குச் சிரிப்பே வந்துவிட்டது. அடுத்த தடவை குரல் உடையவில்லை. அதற்கடுத்த தடவை கூரை அதிர்ந்தது. தன் குரல் காதை நிறைத்துக்கொண்டிருக்கும்போது அக்காவின் குரல் நுழைய இடமே இல்லை. கால் இப்போது இவள் பேச்சைக் கேட்டது. அந்த செட் இவர்களுக்கு வந்தது. அதுவரை சிரித்துக்கொண்டிருந்த பெரியவள் சிரிப்பை நிறுத்திவிட்டு ஷூ நாடாவை இறுக்கிக் கட்டினாள்.

மூன்றாவது செட்டில் விட்டேனா பார் என்று இரண்டு பக்கமும் மல்லுக்கட்டின. கை தட்டித் தட்டி அம்மாவின் உள்ளங்கை சிவந்துபோனது. இருபது, பத்தொன்பது. இன்னும் ஒரே ஒரு புள்ளி எடுத்தால் சின்னவளுக்கு இடம் உறுதி.

அந்தப் புள்ளி லேசில் முடியவில்லை. அதிரடிக்காரி அடித்தாள், நெட்டை எடுத்தாள். பெரியவள் அடித்தாள், சின்னவள் தரையோடு தரையாக விழுந்து எடுத்தாள். எழுந்ததும் வலையோரம் மெல்லத் தட்டிவிட்டாள். பெரியவள் பாய்ந்து வந்து, விழப்போன ஷட்டிலைக் கீழிருந்து உயரத் தூக்கினாள். அது எல்லோர் தலைக்கும் மேலே போய், இந்தப் பக்கத்துப் பின்கோட்டை நோக்கி இறங்கியது. நெட்டை பின்னால் ஓடி மட்டையை ஓங்கிவிட்டாள்.

"விடு!"

குரல் வலைக்கு அந்தப் பக்கத்திலிருந்து வந்தது. பெரியவளின் குரல்.

ஷட்டில் இருந்ததோ இந்தப் பக்கம். அவள் ஜோடிக்கு விட என்ன இருக்கிறது? அது தனக்கு வந்த குரல் என்று சின்னவளுக்கு அந்தக் கணத்திலேயே புரிந்தது. ஏமாற்றுகிறாளா? கேரம் ஆட்டத்தில் தோற்றால் பலகையையே கவிழ்க்கிறவள்தான். ஆனால் களத்தில் இத்தனை வருஷத்தில் ஒருமுறைகூடப் பொய்யாக 'விடு' சொன்னவள் இல்லை. சின்னவள் நிமிர்ந்து பார்த்தாள். அவள் கண்ணுக்கும் அது நீளமாகத்தான் போய்க்கொண்டிருந்தது.

"விடு!" என்று அவளும் கத்தினாள்.

நெட்டையின் கை அந்தரத்தில் அப்படியே நின்றது. ஷட்டில் அவள் தோளுக்குப் பின்னால் இறங்கி, கோட்டுக்கு வெளியே ஒரு விரல் தள்ளி விழுந்தது. கோட்டோரம் உட்கார்ந்திருந்தவர் இரண்டு கையையும் விரித்தார். அம்மா வழக்கம்போலத் தட்டினாள்.

எதிராளி எதற்குக் கத்தினாள் என்று நடுவருக்கு ஒரே குழப்பம். எப்படியும் புள்ளி இந்தப் பக்கத்துக்குத்தான் என்பதால் தலையைச் சொறிந்துகொண்டே முடிவை அறிவித்தார். நெட்டை மட்டையைப் போட்டுவிட்டுச் சின்னவளை அலாக்காகத் தூக்கிச் சுற்றினாள். பெரியவள் மட்டும் வாயைப் பொத்திக்கொண்டு நின்ற இடத்திலேயே நின்றாள். அவள் ஜோடி அவளை முறைத்துக்கொண்டிருந்தாள்.

உடை மாற்றும் அறையில் பெரியவள் மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். சின்னவள் போய்ப் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"வேணும்னு விட்டுக்கொடுத்தேன்னு எவளாவது சொன்னா பல்லைப் பேத்துடுவேன்," என்றாள் பெரியவள். "அடிச்ச உடனே வெளிய போகுதுன்னு தெரிஞ்சுடுச்சு. நீ தொட்டுடுவியேன்னு பயந்துட்டேன். நீ எந்தப் பக்கம் நிக்கறங்கறதே மறந்துபோச்சுடி."

சின்னவளுக்குச் சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்தன. அக்காவின் தோளில் முகத்தை வைத்துக்கொண்டாள். பெரியவள் தள்ளிவிடவில்லை. சற்று நேரம் கழித்துத் தங்கையின் மட்டையை எடுத்துப் புரட்டிப் பார்த்தாள்.

"இந்தக் கட்டோட வெளிநாட்டுக்கு வந்து என் மானத்த வாங்காத. கொடு, சுத்தித் தரேன்."

காலையில் சுற்றிய பட்டையை உரித்து எறிந்துவிட்டுப் புதுச்சுருளைப் பிரிக்கப் போனாள். சின்னவள் அவள் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"விடுக்கா. நான்."

பெரியவள் அவளையே ஒரு கணம் பார்த்தாள். பிறகு சுருளைக் கொடுத்துவிட்டு, பட்டையின் நுனி நழுவாமல் கைப்பிடியின் அடியில் கட்டைவிரலால் அழுத்திப் பிடித்துக்கொண்டாள். சின்னவள் சுற்ற ஆரம்பித்தாள்.