கூட நடந்தால் அவுட்

எனக்கு மூக்குக்கு மேல் கோபம் என்று என் வீட்டுக்காரர் சுகுமாறன் எல்லாரிடமும் சொல்வார். கிள்ளான் ஏரிப் பூங்காவில் அன்று அது உச்சந்தலைக்கே ஏறிவிட்டது.

இருபத்து நான்கு மணி நேர ஓட்டம் அது. ஏரியைச் சுற்றிச் சுற்றி, மறுநாள் காலை ஹாரன் அடிக்கும்வரை ஓட வேண்டும். ஒலிம்பிக்கிலும் தென்கிழக்காசிய நாடுகளின் சீ கேம்ஸிலும் இதற்கு இடமில்லை. "இதெல்லாம் ஒரு விளையாட்டா?" என்று என்னைக் கேட்காத ஆளும் இல்லை. இருக்கிற ஒரே வழி ஆசியப் போட்டி. அன்று குறித்த தூரத்தை எட்டினால் மலேசியச் சட்டை போட்டுக்கொண்டு அங்கே நிற்கலாம். என் வயதுக்கு இன்னொரு வாய்ப்பு வராது.

சுங்கை வேயிலிருந்து வேன் பிடித்து வந்த என் வீட்டு ஜனத்துக்கோ, தைப்பூசத்தில் காவடி எடுப்பவரைத் தனியாக விட்டுப் பழக்கமில்லை. நான் கொஞ்சம் தளர்ந்ததுதான் தாமதம், மாமனார் பக்கிரிசாமியும் நாத்தனார் மலரும் இருபக்கமும் வந்து "வேல் வேல்!" என்று கூடவே நடக்க ஆரம்பித்துவிட்டார்கள்.

நடுவர் பரமேஸ்வரன் பதறி ஓடி வந்தார். "கூட யாரும் நடக்கக்கூடாதுக்கா. இது வார்னிங். இன்னொரு தடவைன்னா நீங்க அவுட் லா."

"தள்ளிப் போங்க! என்னைக் கெடுக்கவா வந்தீங்க?" என்று கத்திவிட்டேன். மலரின் முகம் சுண்டிப்போனது.

அடுத்த சுற்றில் அவர்களைக் காணோம். கோபித்துக்கொண்டு வேனில் ஏறிவிட்டார்கள் என்றே நினைத்தேன். வளைவில் திரும்பினால் மாமா நிற்கிறார். கொஞ்சம் தள்ளி என் வீட்டுக்காரர். மறுகரையில் மரத்தடியில் மலர். ஆளுக்கோர் இடம் பிரித்துக்கொண்டு, நின்ற இடத்திலிருந்தே "வேல் வேல்!" என்று கத்தினார்கள். ஒருவரிடமிருந்து அடுத்தவரிடம் போய்ச் சேர்ந்தால் போதும் என்று ஓடினேன். மழை பெய்தது, இருட்டியது, விடிந்தது. மாமாகூட நடுவில் நாற்காலி போட்டுக்கொண்டார். மலர் உட்காரவே இல்லை.

ஹாரன் அடித்தது. பரமேஸ்வரன் அளந்து பார்த்துவிட்டுச் சிரித்தார். "தூரம் வந்துடுச்சுக்கா. ஆசியப் போட்டிக்கு உங்க பேர் போகுது."

மாமாவும் என் வீட்டுக்காரரும் ஓடி வந்து என்னைத் தாங்கிக்கொண்டார்கள். மலர் மட்டும் வரவில்லை. நொண்டிக்கொண்டே மறுகரைக்குப் போனேன். அதே மரத்தடியில், வீங்கிய காலோடு நின்றுகொண்டிருந்தாள்.

"ஹாரன் கேக்கலையாடி?"

"கேட்டுச்சு அண்ணி. ஆனா யாரும் நகரலாம்னு சொல்லலையே. நான் அசைஞ்சு, உங்கள அவுட்டுன்னு சொல்லிட்டா?"

இந்த ஜனத்துக்கு நான் என்ன கைம்மாறு செய்யப்போகிறேன் என்று அவளைக் கட்டிக்கொண்டு அழுதேன். அவளால் ஓர் அடி எடுத்துவைக்க முடியவில்லை. ராத்திரி பகலாக ஓடிய நான்தான் அவளைத் தோளில் சாய்த்து வேனுக்குக் கூட்டிப்போனேன்.