லார்ட் கிராமருக்குக் கிடைத்த ரைம்

கரண்டியிலிருந்த இளநீர் பாதி வாய்க்குள்ளும் பாதி தலையணையிலுமாகப் போய்க்கொண்டிருந்தபோது யூஸ்டஸ் திடீரென்று சிரித்தார்.

வெர்லின் கையை நிறுத்தினாள். சில நாளாக அவள் அப்பா சிரிக்கவுமில்லை, எதையும் கேட்கவுமில்லை. ஒரே ஒரு சொல்லை மட்டும், பூனை காலித் தட்டை நக்குவதுபோல, உதட்டுக்குள் தடவிக்கொண்டே கிடந்தார். இப்போது அதை இன்னொரு தரம் சொன்னார். சொன்னதைத் தானே காது கொடுத்துக் கேட்டவர்போலப் புருவத்தைத் தூக்கினார். மறுபடியும் சிரிப்பு.

"கெடைச்சிடுச்சு," என்றார்.

"என்ன டாடி? என்ன கெடைச்சுது?"

சொல்ல வாயெடுத்தார். நல்ல வரி ஏதும் சொல்வதற்கு முன்னால் கொஞ்சம் இடைவெளி விடுவது அவர் வழக்கம். வெர்லினும் வழக்கம்போலக் காத்திருந்தாள். இந்தத் தடவை இடைவெளி முடியவே இல்லை.

அவள் தம்பி ஆஸ்மண்ட் அடுத்த அறையிலிருந்து ஓடிவந்து, அப்பாவின் கண்களை மூடிவிட்டு, முட்டிபோட்டுக் கொஞ்சநேரம் அழுதான். பிறகு கேட்டான்: "கடைசியா என்ன சொன்னாரு?"

"கெடைச்சிடுச்சுன்னாரு."

"அல்லேலூயா! கடைசி நிமிஷத்துல ஆண்டவரு கெடைச்சிட்டாரு!"

"ஆண்டவரு இல்லடா," என்றாள் வெர்லின். "ரைம்."

ஆஸ்மண்டுக்கு அழுகை நின்றுவிட்டது. "மன்த்துக்கா?"

யூஸ்டஸ், அரிமா ஊர்த் தபால் நிலையத்தில் முத்திரை குத்தியவர். கார்னிவல் சமயத்தில் மட்டும் லார்ட் கிராமர். கலிப்ஸோ பாட்டு மேடையில், நின்ற இடத்திலேயே பாட்டுக் கட்டி எதிராளியைக் கந்தலாக்குகிற போட்டியில், அவர் பேர் சொன்னால் டிக்கெட் விற்றது. எதிராளி எந்தச் சொல்லில் முடிக்கிறானோ அதே ஓசையில் முடிகிற ரைம் பிடித்துப் பதில் பாட வேண்டும். ஒரு வருஷம் மைட்டி கேஸ்கட் என்ற மெக்கானிக் தன் வரியை, மாதம் என்று அர்த்தமுள்ள 'மன்த்'தில் முடித்தார்.

இங்கிலீஷில் அந்தச் சொல்லுக்கு முழு ரைம் கிடையாது. அது லார்ட் கிராமருக்குத் தெரியும், கேஸ்கட்டுக்குத் தெரியாது. வம்பே அங்கேதான். வாத்தியக்காரர்கள் அதே மெட்டைச் சுற்றிச் சுற்றி வாசித்தார்கள். கிராமர் மைக்கைப் பிடித்தபடி கடையடைத்த தெரு மாதிரி நின்றார். கூட்டம் டாய்லெட் பேப்பர் சுருள்களை வீசத் தொடங்கியது. பிடிக்காத பாடகருக்கு அங்கே அதுதான் மாலை. ஒரு நீளத் துண்டு தொப்பியிலிருந்து தொங்க இறங்கிப்போனவர், பிறகு மேடை ஏறவே இல்லை.

மற்றவர்கள் எடுத்துக்கொடுத்துப் பார்த்தார்கள். 'ஒன்ஸ்', 'லன்ச்', 'பன்ச்'. எல்லாவற்றையும் தள்ளிவிட்டார். "கிட்டத்தட்ட ரைம்ங்கிறது கிட்டத்தட்ட கர்ப்பம்ங்கிற மாதிரி," என்பார். ஊரே 'த்' வரவேண்டிய இடத்தில் 'ட்' போட்டுக்கொண்டு சௌக்கியமாக வாழ்ந்தது. அவர் வீட்டுச் சாப்பாட்டு மேசையில் மட்டும் அது நடக்காது. வெர்லின் சின்ன வயசில் மூன்று பேக் ரொட்டிக்கு 'ட்ரீ பேக்' வேணும் என்று கேட்டால், "மரமெல்லாம் தோட்டத்துல இருக்கு. நாக்கைப் பல்லுக்கு நடுவுல வச்சு, திரீன்னு கேளு," என்று ரொட்டித் தட்டைத் தன் பக்கம் இழுத்துக்கொள்வார்.

அப்படிப்பட்டவருக்கு என்ன கிடைத்திருக்கும்? வெர்லினுக்கு அது தெரிந்தே ஆக வேண்டும். சும்மா ஆசைக்காக மட்டுமில்லை. மேடைப் பாடகர் செத்தால் பழைய எதிராளிகள் துக்க வீட்டு முற்றத்தில் வந்து பாடுவார்கள். பாடினதுக்கு வீட்டு ஆள் ஒருவர் பதில் பாட வேண்டும். வீடு வாயை மூடிக்கொண்டால், போனவர் தோற்றே போனார் என்று ஆகிவிடும். கேஸ்கட் இன்று சாயங்காலம் கட்டாயம் வருவார்.

சவப்பெட்டி லச்மன் அளவெடுக்க வந்தார். வெர்லின் அவரிடமும் கேட்டுவைத்தாள்.

"'டென்த்' சரியா வருமாம்மா?"

"முடிவு சரியா இருக்குங்க. அதுக்கு முன்னால ஒட்டலையே."

"என் தொழில்ல முடிவு மட்டும்தானே," என்று டேப்பைச் சுருட்டினார். "சரி, பல்செட் எங்க? அது இல்லாட்டி முகம் குழி விழுந்துடும்."

பல்செட் ஜன்னலோரக் கண்ணாடி டம்ளரில் தண்ணீருக்குள் இருந்தது. சாப்பாடு நின்றதிலிருந்து அங்கேதான். வெர்லின் எடுத்துத் துடைத்தாள். சுற்றிவைக்க டாய்லெட் பேப்பர்தான் கையில் அகப்பட்டது. அப்பா பார்த்திருந்தால் இன்னொரு தரம் செத்திருப்பார் என்று நினைத்துக்கொண்டே சுற்றி, கைப்பையில் போட்டாள். "காலையில கொண்டுட்டு வரேன்."

வெயில் சாய்கிற நேரத்துக்கு முற்றம் நிரம்பிவிட்டது. கறுப்புக் காப்பி, பிஸ்கட்டும் சீஸும், ஒரு மூலையில் ரம். சீட்டாடுகிறவர்கள் மேசையைக் குத்திக் குத்திச் சீட்டை இறக்கினார்கள். ஊருக்கே டான்டியான, அதாவது அத்தையான, எதிர்வீட்டு யூலா காப்பி ஊற்றிக்கொண்டே, "'ரம்'முன்னு வச்சுக்கயேன்டி," என்று யோசனை சொன்னாள்.

"அது கால்வாசி ரைம்கூட இல்ல டான்டி."

"யாரு கேக்கப்போறா? பாதிப் பேருக்கு அதுதான் வேணும்."

கேஸ்கட் கைத்தடியை ஊன்றிக்கொண்டு வந்தார். பழைய மேடைத் தொப்பி, கோட்டு. நாற்காலியில் இறங்கி உட்காரவே இரண்டு பேர் தேவைப்பட்டது. வெர்லின் பக்கத்தில் போய் உட்கார்ந்தாள்.

"அங்கிள், ஒண்ணு கேக்கட்டுமா? அன்னிக்கு வேணும்னே தானே அந்தச் சொல்லைப் போட்டீங்க?"

"எந்தச் சொல்லு?"

"அப்பா பதில் சொல்ல முடியாம நின்ன சொல்லு."

"சொல்லா? நான் நெஞ்சுவலின்னுல்ல நெனச்சேன்! சுலபமான வரியாத்தான் பொண்ணே போட்டேன். மறுநாள் அவனும் நானும் சேர்ந்து குடிக்கிறதா இருந்துச்சு. அவன் ஏன் வாயை மூடிக்கிட்டான்னு இன்னி வரைக்கும் எனக்கு வெளங்கலை. கேக்கலாம்னு ரெண்டு மூணு தரம் உங்க வீட்டு வாசல் வரைக்கும் வந்தேன்."

"வந்துட்டு?"

"உங்கப்பா ஜன்னலைச் சாத்திட்டான்."

யாரோ கித்தாரில் அந்தப் பழைய மெட்டைத் தொட்டார்கள். சீட்டுச் சத்தம் நின்றது. கேஸ்கட் எழவில்லை, தொப்பியைக் கழற்றி முழங்காலில் வைத்துக்கொண்டு உடைந்த குரலில் பாடினார். கிராமரே, என்னை மேடையில் தனியாக விட்டுப் போனாயே, உன் வாயிலிருந்து ஒரு திட்டு வருமா என்று காத்திருந்தேனே, மன்ட் ஆஃப்டர் மன்ட்.

எல்லோரும் வெர்லினைப் பார்த்தார்கள். ஆஸ்மண்ட் தரையைப் பார்த்தான். மெட்டு ஒரு சுற்றுப் போய்த் திரும்பியது. வெர்லின் நாக்கைப் பல்லுக்கு நடுவில் வைத்து ரைம் தேடினாள். இத்தனை வருஷப் பழக்கம். மெட்டு இன்னொரு சுற்று வந்தது. அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. கேஸ்கட் பாடியது 'மன்த்' இல்லை, 'மன்ட்'. அன்றைக்கும் அதைத்தான் பாடியிருப்பார். மீன் விற்கிறவள் முதல் சர்ச்சில் பிரசங்கம் பண்ணுகிறவர் வரைக்கும் இந்த ஊரில் எல்லாருக்கும் அது மன்ட்தான். அந்த முழு மைதானத்திலும் அதைத் திருத்திக் கேட்ட காது ஒன்றே ஒன்றுதான்.

இன்று காலையில் அந்தக் காதுக்காரருக்குப் பல் இல்லை. நாக்கு வைக்க இடம் தேடி, கிடைக்காமல், அந்தச் சொல் எப்படி 'மன்ட்'டாக வெளியே வந்தது என்பது அவள் காதில் இப்போதுதான் விழுந்தது. தூக்கின புருவமும் சிரிப்பும் கூடவே வந்தன.

மூன்றாவது சுற்று முடியப்போனது. வெர்லின் பாடினாள். அவளுக்குக் குரல் கிடையாது, அப்பாவைத் தவிர அந்தத் தபால் நிலையக் குடும்பத்தில் யாருக்குமே கிடையாது. அவர் ஓடிப்போகவில்லை அங்கிள், கேள்வி கேட்க வேண்டாம். கூட்டம் வரும் முன்னே போயிருக்கிறார், உங்களுக்கும் சேர்த்து முன்வரிசையிலேயே ஒரு நாற்காலி பிடித்துவைக்க, ரைட் இன் ஃப்ரன்ட்.

சீட்டாடுகிறவர்கள் மேசையை உடைத்துவிடுவதுபோல் குத்தினார்கள். "ஃப்ரன்ட்!" என்று டான்டி யூலா காப்பிக் கெண்டியைத் தூக்கிக் காட்டினாள். "ஃப்ரன்ட்டுன்னு சொல்லிட்டாடா பொண்ணு!"

கேஸ்கட் அந்தச் சொல்லை உதட்டுக்குள் ஒரு தரம் சொல்லிப் பார்த்தார். "இவ்வளவுதானா?" என்றார். "இதுக்கா?" சிரிக்கத் தொடங்கினார்; அது வழியிலேயே வேறாக மாறிவிட்டது. கைக்குட்டைக்காகக் கோட்டுப் பைகளைத் தட்டித் தேடினார். வெர்லின் கைப்பைக்குள் கையை விட்டு, பல்செட்டைச் சுற்றியிருந்த காகிதத்தை உருவி அவரிடம் நீட்டினாள்.

மறுநாள் காலை லச்மன் பெட்டியின் மேல்பாதியைத் திறந்துவைத்துக்கொண்டு கையை நீட்டினார். "பல்லு?"

வெர்லின் அப்பாவைப் பார்த்தாள். கன்னம் உள்ளே போயிருந்தது. நாக்கு நுனி மேலே ஒட்டியமாதிரி வாய் லேசாகத் திறந்திருந்தது.

"வேணாம் லச்மன்."

"முகம் நல்லா இருக்காதும்மா."

"பரவாயில்ல. மூடிடுங்க."

சர்ச்சிலிருந்து கல்லறை வரை ஏற்றம். ஆஸ்மண்டும் மற்றவர்களும் பெட்டியைத் தூக்கினார்கள். கேஸ்கட் யார் சொல்லியும் கேட்காமல் கைத்தடியோடு எல்லோருக்கும் முன்னால் நடந்தார். பின்னால் பெண்கள் பாடிக்கொண்டு வந்தார்கள். வெர்லினும் உதட்டை அசைத்தாள். ஒவ்வோர் அடிக்கும் அவள் கைப்பைக்குள் பல்செட் சாவிக்கொத்தில் இடித்து டக், டக்கென்றது. கிட்டத்தட்ட தாளத்தோடு.